மேலிடத்துல பேசிட்டு வரேன்

எண்பத்திரண்டாயிரம் என்று மோட்டார் சைக்கிள் கடையின் கண்ணாடிச் சுவரில் எழுதியிருந்தார்கள். ஒவ்வோர் எண்ணும் ஓர் ஆள் உயரம். கடைசிச் சுழியத்தின் தோளில் கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு நட்சத்திரக் குறி. ஊசியக்கா அதைத் தூசி என்று நினைத்து விரலால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

தொழிலால் வந்த பெயர் அது. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக, விடிந்ததும் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள். வெறும் வயிற்றோடு காத்திருக்கும் மனிதர்களைப் போன்ற கோபக்காரர்கள் உலகத்திலேயே கிடையாது. அவர்களிடம் ஒன்பது வருடமாக நல்ல பெயர் எடுத்திருந்தாள். போன வாரம் அவளுடைய பழைய மோட்டார் சைக்கிள் நடுத்தெருவில் நின்றுவிட்டது. மெக்கானிக் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "அக்கா, இனிமே இதுல ஏறிப் போறதவிட இதத் தோள்ல தூக்கிட்டு நடந்தீங்கன்னா சீக்கிரம் போயிடலாம்" என்றான். நாலு நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். எட்டு மணிக்கு எடுக்க வேண்டிய ரத்தத்தைப் பத்தரைக்கு எடுத்தாள். பரிசோதனை நிலையத்து முதலாளி கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் வண்டி இல்லையென்றால் அவளுடைய தெருக்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அன்று சனிக்கிழமை. கைப்பையில் தொண்ணூறாயிரம் இருந்தது. அதற்கு மேல் எங்கேயும் எதுவும் இல்லை.

துணைக்கு அக்கா புருஷன் வந்திருந்தார். குடும்பத்தில் அவருக்குக் கறார் மாமா என்று பெயர். பேரம் பேசுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய நம்பிக்கை. ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில் விடாமல் பேசி, ஒரு பல்லின் விலைக்கு இரண்டு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர். இரண்டாவது பல் நன்றாகத்தான் இருந்தது.

"நீ வாயையே திறக்காத. நான் பாத்துக்கிறேன்" என்றபடி மாமா கதவைத் தள்ளினார். காலையில் ரத்தம் எடுத்துவிட்டு நேராக வந்ததால், வெள்ளைக் கோட்டும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக ஊசியக்கா பின்னால் போனாள்.

உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் கைகூப்பினாள். "எங்க குடும்பத்துக்கு உங்கள வரவேற்கிறோம்" என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் பெயர், முகவரிக்குப் பிறகு, பிடித்த நிறம், கல்யாண நாள், வாழ்நாள் கனவு, ரத்த வகை என்று கட்டங்கள் இருந்தன. ஊசியக்கா ரத்த வகையை மட்டும் எழுதினாள்.

"இந்த வண்டி என்ன விலைங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணின் முகம் வாடியது. "இங்க நாங்க விலைன்னு சொல்றதில்ல மேடம். பயணத் தொடக்க மதிப்புன்னு சொல்வோம்."

"சரி, அது எவ்வளவு?"

"அத உங்க பயணத் துணைவர் சொல்வார்."

பயணத் துணைவர் என்பது விற்பனையாளரின் பதவி. முப்பது வயதிருக்கும். டையின் முடிச்சு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அவர் மாமாவுக்குக் கை கொடுத்தார். "சொல்லுங்க சார், எந்தக் கலர் பாக்குறீங்க?"

"வண்டி எனக்கில்ல. இவளுக்கு."

"ரொம்ப சந்தோஷம் சார். மேடத்துக்கு என்ன கலர் பிடிக்கும்னு நீங்க நினைக்கிறீங்க?"

"எனக்குக் கலர் முக்கியம் இல்ல. பின்னால ஐஸ் பெட்டி கட்டணும், அதுக்குக் கம்பி வேணும்" என்றாள் ஊசியக்கா.

"மேடம் ஐஸ் பெட்டின்னு சொல்றாங்க சார்" என்று துணைவர் மாமாவிடம் மொழிபெயர்த்தார்.

பிறகு மதிப்புத் தாள் வந்தது. அதன் அடியில் ஒரு லட்சத்து எட்டாயிரம் என்று இருந்தது. பதிவும் காப்பீடும் சேர்ந்து ஏழாயிரம். அது எங்கே போனாலும் உண்டு என்று அவளுக்குத் தெரியும். மீதியை வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"இது என்ன, கையாளும் கட்டணம்?"

"வண்டிய லாரியில இருந்து இறக்கினோம்ல மேடம், அதுக்கு."

"அடுத்து, நிறுத்தும் கட்டணம்னு போட்டிருக்கே?"

"இறக்கி நிறுத்தினோம்."

"பக்கத்துக் கால்னு சைடு ஸ்டாண்டுக்கு ஆயிரத்து எண்ணூறு. அது வண்டியோட வராதா? அது இல்லாம வண்டி எப்படி நிக்கும்?"

"அதத்தான் மேடம் நாங்களும் ரொம்ப யோசிச்சோம். அதனாலதான் நாங்களே சேர்த்துப் போட்டுட்டோம்."

கடைசி வரியில் மகிழ்ச்சிக் கட்டணம் நாலாயிரம் என்று இருந்தது. வண்டியைக் கொடுக்கும்போது பட்டுத் திரையை விலக்கி, தெர்மாகோலில் செய்த பெரிய சாவியை நீட்டி, பன்னிரண்டு ஊழியர்கள் வரிசையாக நின்று கைதட்டுவதற்கு உண்டான தொகை அது.

"கைதட்டாம குடுக்க முடியாதா?"

துணைவர் அதிர்ந்து போனார். "கைதட்டாம குடுத்தா அது வியாபாரம் மாதிரி ஆயிடும் மேடம்."

இந்த இடத்தில்தான் கறார் மாமா தன் வித்தையை எடுத்தார். தாளை மேசைமேல் போட்டார். நாற்காலியைச் சத்தம் வரத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "வாம்மா, போகலாம். ஊர்ல வேற கடையே இல்லையா?" என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

எழுந்து போகிறவர்களுக்கென்று அங்கே தனியாக ஒரு பெண் இருந்தாள். அதுதான் அவளுடைய வேலை. வாசலுக்கு நாலடி முன்னால் மாமாவை எதிர்கொண்டு, "சார், நீங்க விஷயம் தெரிஞ்சவர்னு பாத்தாலே தெரியுது. உங்கள மாதிரி ஆட்களுக்குன்னே ஒரு அறை வச்சிருக்கோம்" என்றாள். அந்த அறையில் குளிரூட்டியும், முதுகைப் பிடித்துவிடும் நாற்காலியும், தட்டு நிறைய பிஸ்கட்டும் இருந்தன. விஷயம் தெரிந்தவர் என்று மாமாவை அதுவரை வெளியாள் யாரும் சொன்னதில்லை. அவர் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

ஊசியக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். "என்கிட்ட எண்பத்தொன்பதுக்கு மேல இல்ல. முடியுமா, முடியாதா?"

துணைவர் கண்களை மூடித் திறந்தார். "உங்களுக்காக ஒண்ணு பண்றேன் மேடம். மேலிடத்துல பேசிட்டு வரேன்."

கூடத்தின் கோடியில், பனி படிந்தாற்போன்ற மங்கலான கண்ணாடி போட்ட ஓர் அறை இருந்தது. துணைவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். மூன்று நிமிடம் கழித்து வெளியே வந்தபோது தலை கலைந்திருந்தது. "இருநூறு குறைச்சிருக்காரு. சாதாரணமா அவர் யாருக்கும் இப்படிப் பண்றதில்ல."

"இன்னொரு தடவை கேளுங்க."

இரண்டாவது முறை திரும்பி வந்தபோது முகமெல்லாம் ஈரமாக இருந்தது. மேலிடம் கையிலிருந்த தண்ணீரை முகத்தில் ஊற்றிவிட்டாராம். ஆனால் சீட்டுக்கு ஓர் உறை இலவசம். மூன்றாவது முறை நொண்டிக்கொண்டு வந்தார்.

"கோவத்துல முந்நூறு ஏத்திட்டாரு மேடம். பரவாயில்ல, நான் நாலாவது தடவை போய் அந்த முந்நூற எப்படியாவது குறைச்சிட்டு வரேன். வேலை போனாலும் சரி."

ஊசியக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள். ஒரு மோட்டார் சைக்கிளுக்காக ஒரு மனிதன் அடிவாங்குவதா? நாலாவது முறை போனவர் ஐந்து நிமிடமாகியும் வரவில்லை, பத்து நிமிடமாகியும் வரவில்லை. முதலுதவி படித்தவள் அவள். அதற்கு மேல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்துபோய் மங்கல் கண்ணாடிக் கதவைத் திறந்தாள்.

பெரிய மேசை, தோல் நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை. பின்சுவரில், மாலை போடாத ஒரு பெரிய படத்தில் நிறுவனத் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்கு நேர் கீழே, அலமாரியில் சாய்ந்து நின்றபடி பயணத் துணைவர் பன் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் ஒரு சின்னக் கண்ணாடியும் இருந்தன.

துணைவர் மீதிப் பன்னை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"மேலிடம் எங்க?" என்று கேட்டாள்.

"அவர் வேலைய விட்டுப் போய் பதினாலு மாசம் ஆச்சு மேடம்." வாயிலிருந்த பன்னை அவர் கஷ்டப்பட்டு விழுங்கினார். "இன்னும் ஆள் போடல."

"அப்ப இவ்வளவு நேரம் யார்கிட்ட பேசுனீங்க?"

"என்கிட்டதான். நானே கேப்பேன், நானே மறுத்துடுவேன். பயிற்சியில அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. முதல் தடவை தலைய கலைக்கணும். ரெண்டாவது தடவை தண்ணி. மேலிடம் இல்லன்னு வெளிய தெரிஞ்சா பேரமே நடக்காது மேடம். ஆனா ஒண்ணு சொல்றேன், என்னை நானே ஏமாத்துனதில்ல. உங்களுக்காக உண்மையிலேயே கெஞ்சினேன்."

"அப்புறம் ஏன் சம்மதிக்கல?"

"எனக்கு அந்த அதிகாரம் இல்லையே" என்றார் அவர். சொல்லும்போது உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ஊசியக்கா விடிகாலை நாலரை மணிக்கு எழுந்தவள். கால் கடுத்தது. "உக்காருங்க மேடம்" என்று துணைவர் சொன்னார். அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலிதான். அவள் அதில் உட்கார்ந்தாள்.

அப்போது கதவு திறந்து இன்னொரு பயணத் துணைவர் வந்தார். ஒல்லியானவர். தன்னுடைய முறைக்குத் தலையைக் கலைத்துக்கொள்ள வந்திருந்தார். நாற்காலியில் வெள்ளைக் கோட்டும் கழுத்து அட்டையுமாக, சிரிக்காத முகத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார். பதினாலு மாதமாக அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

"வணக்கம் மேடம். எப்ப வந்தீங்கன்னே தெரியல. வெளிய ஒரு கஸ்டமர், பக்கத்துக் கால எடுத்துடச் சொல்லி ரெண்டு மணி நேரமா சண்டை போடுறாரு. என்ன பண்றது?"

ஊசியக்கா முதல் துணைவரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார்; உள்ளே அடுத்த கடி பன் இருந்தது.

"காலுக்கு உண்டான காச எடுத்துடுங்க" என்றாள். "கால விட்டுடுங்க."

"முழுசாவா மேடம்?"

"முழுசா."

ஒல்லித் துணைவரின் கண்கள் கலங்கின. இந்த முறை தண்ணீர் தேவைப்படவில்லை. வெளியே ஓடினார். ஐந்து நிமிடத்தில் அந்த அறை வாசலில் துணைவர்கள் வரிசை கட்டி நின்றார்கள்.

அவள் தன்னை மேனேஜர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. யாரும் கேட்கவுமில்லை. ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள், தாளை நீட்டினார்கள், நடுங்கினார்கள். காலையில் இருபது வீட்டில் ரத்தம் எடுக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. தாளைப் பார்ப்பாள், வேண்டாத வரியை அடிப்பாள், "அடுத்தது" என்பாள். கையாளும் கட்டணம் போனது. நிறுத்தும் கட்டணம் போனது. ஒரு தாளில் புன்னகைப் பராமரிப்பு என்று இருந்ததை இரண்டு கோடு போட்டு அடித்தாள். வெளியே கூடத்தில் மனிதர்கள் பணம் கட்டி, சாவி வாங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. எல்லோரும் விலை தெரிந்த உடனே வாங்கிக்கொண்டார்கள்.

எட்டாவதோ ஒன்பதாவதோ தாளை ஒல்லித் துணைவரே மறுபடியும் கொண்டுவந்தார். "இது கொஞ்சம் சிக்கல் மேடம். பெரிய வண்டி, தங்கக் கலரு, எல்லாக் கட்டணத்துக்கும் ஒத்துக்கிட்டாரு. ஆனா ரொம்பக் கறாரான ஆளு. ஒரு சாவிக்கொத்து இலவசமா குடுத்தாதான் ஆச்சுன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

ஊசியக்கா கையெழுத்தைப் பார்த்தாள். மாமாவின் கையெழுத்து. விலை ஒரு லட்சத்து எழுபதாயிரம். ஐந்து வருடத் தவணை. வாழ்நாள் கனவு என்ற கட்டத்தில் "சுதந்திரம்" என்று எழுதியிருந்தார்.

"இவர் சம்சாரத்துக்குத் தெரியுமா இது?"

"அந்தக் கட்டம் படிவத்துல இல்ல மேடம்."

"இத ரத்து பண்ணுங்க. சாவிக்கொத்து மட்டும் குடுங்க."

மதியம் ஒரு மணிக்கு மண்டல அதிகாரி காரில் வந்து இறங்கினார். ஒன்றரை மணி நேரத்தில் பதினாலு வண்டி விற்றதாகக் கணினியில் பார்த்து, ஏதோ தவறு நடந்துவிட்டது என்று பதறி ஓடிவந்திருந்தார். ஊழியர்களை எல்லாம் அறைக்குள் நிற்கவைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"பதினாலு வண்டி. சந்தோஷம்தான். ஆனா நான் ஒண்ணு கேக்குறேன். அதுல ஒருத்தராவது மூணு மணி நேரம் உக்காந்தாரா? ஒருத்தராவது எழுந்து போயிட்டுத் திரும்பி வந்தாரா? முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன், கஸ்டமருக்கு விலை தெரிஞ்சிடுச்சுன்னா அவர் வாங்கிட்டுப் போயிடுவார். அப்புறம் நமக்கும் அவருக்கும் என்ன உறவு இருக்கு? குழப்பம் இருக்கிற வரைக்கும்தான் நாம அவருக்குத் தேவை. நாம வண்டியா விக்கிறோம்? வண்டி தொழிற்சாலையில செய்யறான். நாம செய்யறது இந்தக் குழப்பம் ஒண்ணுதான். அதையும் ஒருத்தர் உக்காந்து ஒரே காலையில தீர்த்துட்டா, நாளைக்கு நான் எதுக்கு, நீங்க எதுக்கு?"

ஊழியர்கள் பழக்கத்தில் கைதட்டினார்கள். அதிகாரி ஊசியக்காவின் பக்கம் திரும்பினார். "உங்கள யார் இங்க உக்கார வச்சது?"

"இவர்தான் உக்காரச் சொன்னாரு" என்று துணைவரைக் கைகாட்டினாள்.

துணைவர் அந்த நேரம் பார்த்துத் தும்முவதற்காகக் குனிந்தார். அவள் கை காட்டிய இடத்தில் நிறுவனத் தலைவரின் படம் இருந்தது.

மண்டல அதிகாரியின் முகம் ஒரு நொடியில் மாறியது. சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார். "முன்னாடியே சொல்லியிருந்தா வாசல்லயே வந்து நின்னிருப்பேனே மேடம். நான் சொன்னத வேற மாதிரி எடுத்துக்காதீங்க. இந்தப் பதினாலு வண்டி விஷயத்துல ஒரு தொலைநோக்கு தெரியுது."

"எனக்கும் ஒரு வண்டி வேணும்" என்றாள் ஊசியக்கா. காலையிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். தன்னுடைய தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதுக்கு யார் கையெழுத்துப் போடணும்?"

அதிகாரி பணிவாகச் சிரித்தார். "உங்களுக்கு மேல இங்க யாரு இருக்கா மேடம்? என்ன தோணுதோ நீங்களே போட்டுக்குங்க."

பேனா அவள் கையில் இருந்தது. எண்பதாயிரம் என்று எழுதலாம். நாற்பது என்று எழுதலாம். சுழியம் ஒன்றைப் போட்டு எழுந்துபோனாலும் கேட்க ஆளில்லை. இரண்டு மாதமாக வீட்டு வாடகை தள்ளிப்போயிருந்தது நினைவுக்கு வந்தது. அதையும் சேர்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கையாளும் கட்டணத்திலிருந்து மகிழ்ச்சிக் கட்டணம் வரை எல்லா வரியையும் அடித்தாள். வண்டிக்கு எண்பத்திரண்டாயிரம், பதிவுக்கும் காப்பீட்டுக்கும் ஏழாயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எண்பத்தொன்பதாயிரத்தை எண்ணி மேசைமேல் வைத்தாள்.

"ஐஸ் பெட்டிக்குக் கம்பி?" என்று துணைவர் மெல்லக் கேட்டார்.

"அதுக்குத் தனியா எவ்வளவு?"

துணைவர் வாயெடுத்து, சுற்றிலும் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்ட மாத்திரத்தில் ஒரு விலையைச் சொன்னார். "ஐநூறு மேடம்." சொல்லிவிட்டு, ஏதோ பாரம் இறங்கியது போல மூச்சு விட்டார். அவள் அதையும் கொடுத்தாள்.

கைதட்ட வேண்டாம் என்று சொல்லியும், வண்டியை வெளியே எடுத்தபோது பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். பணம் வாங்காமல் கைதட்டுவது அவர்களுக்குப் பழக்கமில்லை. தாளம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. மாமா வாசலில் காத்திருந்தார். முதுகைப் பிடித்துவிட்டதில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார்.

"பாத்தியா, ஒரு காசு குடுக்காம வாங்கினேன்" என்று சாவிக்கொத்தைக் காட்டினார்.

"உள்ள ஏதோ தாள்ல கையெழுத்துப் போட்டீங்களாமே மாமா?"

"அது சும்மா. வந்தவங்க பேர் எழுதுற நோட்டு." சாவிக்கொத்தைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை ஊசியக்கா எட்டு மணிக்கெல்லாம் கடைசி வீட்டை முடித்துவிட்டாள். அவளுடைய தெருக்கள் அவளிடமே இருந்தன.

புதன்கிழமை காலை, ஒரு சர்க்கரை நோயாளியின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. வண்டி வாங்கிய இடத்திலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"மேடம், எங்க குடும்பத்துல நீங்க வண்டி வாங்கின அனுபவம் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கத்தான். ரெண்டு நிமிஷம்தான் ஆகும். பயணத் துணைவருக்குப் பத்துக்கு எவ்வளவு மார்க் குடுப்பீங்க?"

"பத்து" என்றாள். நோயாளி கையை நீட்டியபடி அவளையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"நன்றி மேடம். உங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்த மேனேஜருக்கு?"

ஊசியக்கா நரம்பைத் தடவிப் பார்த்தபடி யோசித்தாள். "ஆறு போட்டுக்குங்க. ரொம்ப நேரம் காக்க வச்சுட்டாங்க."

மறுமுனையில் குரல் தாழ்ந்தது. "மேடம், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. ஒன்பதுக்குக் கீழ போனா அவங்க வேலை போயிடும்."

"போகட்டும்மா" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஊசியை ஏற்றினாள்.